பிடிஎஃப் அனுப்பினா செய்தி எழுத வராது

ஸ்கூல் பசங்களுக்குச் செய்தி எழுதக் கத்துக்கொடுக்க டிஜிட்டல் பாடம் பண்ணணும்னா, நம்மில் பலர் முதலில் திறப்பது பவர்பாயிண்ட்தான். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படின்னு பத்து ஸ்லைடு போட்டு, பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பிடுவோம். ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு அதை மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கிடுவா. ஆனா செய்தி எழுத வராது.

ஏன்னா, கஷ்டமே எதை முதலில் சொல்றதுன்னு முடிவு பண்றதுலதான். கட்டுரைன்னா முன்னுரையில் ஆரம்பிச்சே நமக்குப் பழக்கம். செய்தியில் முக்கியமானது முதல் வரியிலேயே வந்துடணும், விவரமெல்லாம் கீழே. இதுக்குத் தலைகீழ் பிரமிடுன்னு பேர். பக்கத்தில் இடம் பத்தலைன்னு கடைசிப் பத்தியை வெட்டினாலும் விஷயம் புரியணும்.

அதனால, ஒரு சம்பவத்தை ஆறு வரியாகக் கலைச்சுக் கொடுங்க:

சுவர் கட்டி 30 வருஷம் ஆகிறது.
மழையில் பள்ளிச் சுற்றுச்சுவர் இடிந்தது.
காண்ட்ராக்டர் காசு அடிச்சுட்டாராம்.
யாருக்கும் காயமில்லை.
நேற்று காலை 7 மணிக்கு நடந்தது.
3 மாதம் முன்பே மனு கொடுத்ததாகத் தலைமையாசிரியர் சொன்னார்.

மாணவர்கள் இழுத்து வரிசைப்படுத்தட்டும். பக்கத்திலேயே 'இடமில்லை, கீழே 3 வரி வெட்டு'ன்னு ஒரு பட்டன் வைங்க. அதை அழுத்தினதும் 30 வருஷக் கதை மட்டும் மிஞ்சி, சுவர் இடிஞ்சதே காணாமப் போச்சுன்னா, டீச்சர் சொல்லாமலே தப்பு தெரியும்.

காண்ட்ராக்டர் வரி வேணும்னே வெச்சது. அந்த 'ஆம்' இருக்கே, யார் சொன்னாங்கன்னே சொல்லாம ஒருத்தர் பேரைக் கெடுக்க தமிழில் அது ஒண்ணு போதும். ஃபேமிலி க்ரூப்பில் தினமும் பார்க்கிறோமே! அந்த வரியை யாராவது சேர்த்தா 'யார் சொன்னது?'ன்னு ஒரு பெட்டி திறக்கணும். பதில் இல்லைன்னா அந்த வரியும் இல்லை.

இதுக்குப் பெரிய ஆப் எதுவும் வேண்டாம். ஹெச்5பி இலவசம், பத்திகளை வரிசைப்படுத்தும் பயிற்சி அதில் ரெடியாவே இருக்கு. வெட்டுற பட்டனுக்குக் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் எழுதணும், அது நம்ம வேலை. லூமி என்ற இலவச மென்பொருளில் ஹெச்5பி பயிற்சியை ஒரே எச்டிஎம்எல் ஃபைலாக எடுத்துடலாம். பென்டிரைவில் கொண்டுபோனா நெட் இல்லாத லேபிலும் ஓடும்.

ஒரே சிக்கல், ஹெச்5பி ஒரு வரிசையைத்தான் சரின்னு சொல்லும். இங்கே 'இடிந்தது' முதலில் வரலாம், 'காயமில்லை'யும் வரலாம். அதனால ஸ்கோரைக் கணக்கில் எடுக்காதீங்க. ரெண்டு ரெண்டு பேரா உட்கார வெச்சு வாதாட விடுங்க. கடைசித் திரையில் ஒரு காலிப் பெட்டி மட்டும் போதும்: இந்த வாரம் உங்க ஸ்கூலில் நடந்த ஒண்ணை, ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டு வந்து, நாலு வரியில் எழுதுங்க.