கையில் சரக்கு இல்லாமல் வியாபாரம்: நம்ம ஊர் விளக்கை வைத்துத் தொடங்குவது எப்படி?



கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டாங்க: "மேடம், செல்லுல ஒரு விளம்பரம் வருது. சரக்கு வேணாம், கடை வேணாம், முதல் வேணாம், வீட்டுலேருந்தே சம்பாதிக்கலாம்னு சொல்றாங்க. ஐயாயிரம் கட்டினா சொல்லித் தருவாங்களாம். கட்டலாமா?"

"கட்டாதீங்க" என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன். ஏன் கட்டக் கூடாது, கட்டாமலே எப்படித் தொடங்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

டிராப் ஷிப்பிங் என்றால் என்ன?

பெயர்தான் புதுசு. பொருளின் போட்டோவை நீங்கள் செல்போனில் காட்டுறீங்க. ஒருவர் 300 ரூபாய் அனுப்பி ஆர்டர் கொடுக்கிறார். பொருளைச் செய்கிறவருக்கு அவர் விலையை நீங்கள் கொடுத்துவிட்டு, வாங்குபவரின் முகவரியைச் சொல்றீங்க. அங்கிருந்தே பார்சல் நேராகப் போய்விடும். நடுவில் நிற்பதுதான் உங்கள் லாபம்.

2015-ல் பெங்களூரில் தொடங்கிய மீஷோ கம்பெனி இந்த முறையில்தான் வளர்ந்தது. வீட்டிலிருக்கும் பெண்கள் புடவை, சுடிதார் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி விற்றார்கள். நம்ம கிராமங்களிலும் அப்படி விற்றவங்க இருக்காங்க.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் தரகு வேலையைப் பார்த்திருப்பீங்க. தரகர் இரண்டு பேரையும் சேர்த்து வைத்துவிட்டு கமிஷனோடு போய்விடுவார். இது அப்படி இல்லை. வாங்குபவர் பணம் கொடுத்தது உங்களிடம். பொருள் உடைந்து வந்தால் அவர் கேட்பதும் உங்களைத்தான். சரக்குதான் கையில் இல்லை, பொறுப்பு முழுக்க நம்ம கையில்தான். இந்த ஒன்றை மறந்தவர்கள்தான் நஷ்டப்படுகிறார்கள்.

நம்ம ஊரில் என்ன இருக்கு?

எங்கோ சூரத்தில் இருக்கும் புடவையை நாம் தொட்டுப் பார்க்க முடியாது. ஆனால் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கு, செராமிக் படிப்புக்கென்றே அரசு பாலிடெக்னிக் இருக்கு. அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் கேரியர் எல்லாம் இங்கே செய்கிறார்கள். பஸ் ஏறினால் பட்டறைக்குப் போய் நேரில் பார்த்து வரலாம். வெளியூர்க்காரர் யாருக்கும் இல்லாத வசதி இது. அதனால் முதலில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்குங்க. அகல் விளக்கு செட் நல்ல தொடக்கம்.

விற்கும் முன் நாமே சோதிப்போம்

ஒரு செட் காசு கொடுத்து வாங்குங்க. விளக்கை விரலால் சுண்டிப் பாருங்க. கணீர் என்றால் நல்லது, மந்தமான சத்தம் வந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். எண்ணெய் ஊற்றி, அடியில் காகிதம் வைத்து ஒரு ராத்திரி விட்டுடுங்க. காலையில் காகிதத்தில் எண்ணெய்க் கறை இருந்தால் அந்த ரகம் வேண்டாம்.

அடுத்தது பேக்கிங். ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றணும். விளக்கும் விளக்கும் உரசக் கூடாது. பெட்டியைக் குலுக்கினால் சத்தமே வரக் கூடாது. கட்டிய பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பாருங்க. பிறகு வெளியூரில் இருக்கும் சொந்தக்காரருக்கு ஒரு பார்சல் அனுப்பி, எப்படி வந்து சேர்ந்தது என்று கேளுங்க.

போட்டோ நீங்களே எடுங்க. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்க, அளவு தெரியும். "பெருசுன்னு நெனச்சேன், சின்னதா வந்திருக்கு" என்ற சண்டை வராது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இது உதாரணக் கணக்கு. உங்கள் பட்டறை விலையை வைத்து நீங்களே போடுங்க.

12 விளக்கு செட் பட்டறை விலை 120 ரூபாய், பேக்கிங் 30, கூரியர் 70. மொத்தம் 220. விற்கும் விலை 300. ஒரு செட்டுக்கு லாபம் 80. பத்து செட்டுக்கு 800 ரூபாய்.

இதில் ஒன்று உடைந்தால் மறுபடி அனுப்ப 220 ஆகும். லாபம் 580 ஆகிவிடும். மூன்று உடைந்தால் மிச்சம் 140. நான்கு உடைந்தால் கையிலிருந்து 80 ரூபாய் போகும்!

"பொருள் வந்ததும் காசு தர்றேன்" என்பவர் பார்சலை வாங்காமல் திருப்பினால், போக 70, வர 70, பேக்கிங் 30, ஆக 170 ரூபாய் நஷ்டம். அதனால் ஆரம்பத்தில் முன்பணம் வாங்கி, தெரிந்தவர்கள் வழியாக வரும் ஆர்டரை மட்டும் எடுங்க.

ஒரு சகோதரிக்கு நடந்தது

நம்ம உறுப்பினர் ஒருத்தர் ஒரு கார்த்திகைக்கு 26 செட் ஆர்டர் பிடிச்சாங்க. எல்லாரும் முன்பணம் 300 ரூபாய் அனுப்பிட்டாங்க. பட்டறையில் "இருக்கு, தர்றோம்" என்று வாயால் சொன்னதுதான். ஐப்பசி அடைமழையில் பச்சை விளக்கு காயவில்லை. காயாததைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். தீபத்துக்கு முன் கிடைத்தது 15 செட் மட்டும். 11 பேருக்கு விளக்கு போகலை.

அந்த 11 பேரும் பட்டறையைத் திட்டவில்லை, இவங்களைத்தான் திட்டினாங்க. 3,300 ரூபாயைத் திருப்பித் தரணும். கையில் இருந்தது பையனின் பள்ளிக்கூடச் செலவுக்குப் போயிருந்தது. குழுவில் உள்கடன் வாங்கி, ஒருத்தர் பாக்கியில்லாமல் திருப்பிக் கொடுத்தாங்க. "காசு போனாப் போகுது மேடம், ஏமாத்திட்டான்னு பேரு வாங்கக் கூடாது" என்றாங்க.

மறு வருஷம் ஆவணியிலேயே பட்டறைக்குப் போய், சுட்டு அடுக்கியிருந்த செட்டை எண்ணி எழுதி வைத்தாங்க. அத்தனைக்கு மட்டும்தான் ஆர்டர் எடுத்தாங்க. பணம் திரும்பப் பெற்ற 11 பேரில் சிலரே மறுபடி வாங்கினாங்க. கார்த்திகையும் நம்ம பக்கத்து மழையும் சேர்ந்தேதான் வரும். அதனால் அவங்க செய்தது போல முன்கூட்டியே சரக்கை உறுதி செய்யணும்.

பட்டறையோடு எழுதிக்கொள்ள வேண்டியவை

1. ஒரு செட் என்ன விலை, எந்தத் தேதி வரை அந்த விலை?
2. எத்தனை செட் தயாராக உள்ளது?
3. ஆர்டர் சொன்ன எத்தனை நாளில் அனுப்புவார்கள்?
4. வழியில் உடைந்தால் யார் செலவு? பாதிப் பாதியா?
5. பார்சலில் யார் பெயர், யார் போன் நம்பர் போடுவது?

தனியாகப் போனால் கேட்கத் தயக்கம் வரும். நாலைந்து பேர் சேர்ந்து, குழுத் தீர்மானத்தோடு போங்க. மரியாதை வேற மாதிரி இருக்கும்.

சட்டமும் பணப் பாதுகாப்பும்

தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்கிற சிறு வியாபாரிக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. ஆன்லைன் தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் விற்கும் சிறியவர்களுக்கும் 1-10-2023 முதல் பதிவில்லாமல், சேர்க்கை எண் மட்டும் பெற்று விற்க வழி உண்டு. வெளி மாநிலத்துக்கு விற்றால் விதி வேறு. நமக்குப் பக்கத்திலிருக்கும் புதுச்சேரியும் இந்தக் கணக்கில் வெளி மாநிலம் போலத்தான். கைவினைப் பொருளுக்குச் சில விலக்கு இருக்கு. அனுப்பும் முன் ஒரு கணக்காளரைக் கேட்டுக்குங்க.

உத்யம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீங்க.

நமக்குப் பணம் வருவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் போடத் தேவையே இல்லை. "பணம் அனுப்புறேன், நம்பரை அழுத்துங்க" என்றால் அது ஏமாற்று வேலை. ஓ.டி.பி.யையும் யாரிடமும் சொல்லாதீங்க. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

கடைசியாக

முதல் மாதம் பத்து செட் போதும். தனி நோட்டுப் போட்டு தேதி, பெயர், வந்த பணம், கொடுத்த பணம், உடைந்தது என ஐந்து கட்டம் கோடு போடுங்க. விளக்கு போய்ச் சேர்ந்தது தெரியும் வரை வந்த பணத்தை வீட்டுச் செலவுக்கு எடுக்காதீங்க. அது இன்னும் நம்ம பணம் இல்லை.

விளம்பரக்காரர் 5,000 ரூபாய் கேட்டாரே, அதற்குப் பதில் ஒரு செட் விளக்கும் ஒரு பார்சல் செலவும்தான் உங்கள் பாடத்துக்கு ஃபீஸ்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்க: நம்ம குழுவில் யார் பட்டறைக்குப் போய் வருவது? யார் போட்டோ எடுப்பது? யார் நோட்டு எழுதுவது? முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்க. களத்துக்கு வரும்போது பார்க்கிறேன்.

– களப்பணி ஒருங்கிணைப்பாளர்