அருவியாடச் செல்வோர் அறியவேண்டுவன

அருவியாடுதல் தமிழ்மக்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் இன்பங்களுள் ஒன்றாகும். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டிலே தினைப்புனங் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் அருவியில் ஆடிக் களித்தபின், பலவகைப் பூக்களைக் கொய்து பாறைமேற் குவிக்கின்றனர். அங்குக் கூறப்பெறும் 99 பூக்களின் பெயர்களை மனப்பாடஞ் செய்யப் புகுந்து, இடைவழியிற் கால் வழுக்கி வீழாத மாணவர் எம் வகுப்பில் ஒருவருமிலர்.

இந்நாளிலும் விடுமுறை வந்துழி மக்கள் நீர்நிலைகளையே நாடுகின்றனர். வெப்பநாட்டுத் தீவுகளுக்குச் செல்வோர் காலையிற் கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து கடலிற் கவிழ்ந்து மிதந்து பவளப்பாறைகளைக் காண்பர். பிற்பகலில் அத்தீவின் மலையருவியில் ஆடி, மாலையிலே திரும்புவர். நீரின் அடியையும் மலையின் முடியையும் ஒரே பகலிற் காண்டல் இனிதேயாம். ஆயின் அவ்வின்பத்திற்குக் கடல் கடந்து செல்லல் வேண்டுமென்பதில்லை. யான் பிறந்த போடிநாயக்கனூரிலும் அஃது எளிதிற் கிட்டும். சென்ற ஐப்பசித் திங்களில் எம் வகுப்பினர் நால்வர் அவ்வாறு சென்றுவந்த ஒருநாட் செலவை முன்னிட்டு, அருவியாடச் செல்வோர் அறியவேண்டுவன சிலவற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

எம்முள் ஒருவர் பாம்பன் கடற்கரையினர். மீன்பிடிக்கும் குடியிற் பிறந்தவர். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவிற் கிடக்கும் 21 தீவுகளும் 1986ஆம் ஆண்டிற் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப் பெற்றன என்பதையும், தம் ஊரை அடுத்த குருசடைத் தீவைச் சூழ்ந்த பவளப்பாறைகளின் அழகையும் அவர் எமக்கு அடிக்கடி கூறுவார். மதுரையிலிருந்து ரயிலில் வந்து இறங்கியபோது அவர் கையில் ஒரு நீர்க்கண்ணாடி இருந்தது. "மலைக்கு வருவார்க்கு இஃதெற்கு?" என்று ஏனையோர் நகைத்தனர். அந்நகைப்பிற்காகப் பின்னர் நாணினோம்.

என் அன்னையார் இருபதாண்டுகளாக ஏலத்தோட்ட வேலைக்குச் சென்று வருபவர். விடியுமுன் எழுந்து, சோற்றுத் தூக்குடன் ஜீப்பில் ஏறி மலைக்குச் சென்று, இருட்டும் வேளையில் வீடு திரும்புவார். அன்று எமக்குக் கட்டுச்சோறு தந்தபோது, "தம்பி, ஆற்றைப் பார்த்து ஆற்றில் இறங்காதே, மலையைப் பார்த்து இறங்கு" என்றார். தலையசைத்துவிட்டுப் புறப்பட்டேன், அச்சொல்லின் பொருளை அப்பொழுது எண்ணிப்பார்த்தேனில்லை.

போடியிலிருந்து மேற்கே செல்லும் சாலை மலையடியில் முந்தல் என்னும் இடத்திற் பிரிகின்றது. ஒரு கிளை 17 கொண்டையூசி வளைவுகளால் ஏறிப் போடிமெட்டை அடைந்து கேரளத்துட் புகும். மற்றொன்று கொட்டகுடி ஆற்றை ஒட்டிக் குரங்கணிக்குச் செல்லும். முதலில் ஆற்றுவழியே சென்றோம். வழியில் அணைப்பிள்ளையார் தடுப்பணை உளது. குரங்கணி, கொட்டகுடி மலைகளிற் பிறக்கும் இவ்வாறு தேனிப் பக்கத்தில் வைகையோடு கலக்கின்றது. வைகை அதன்பின் 1959ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அணையில் தேங்கி, மதுரையைக் கடந்து, இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை நோக்கிச் செல்வது. இதனைக் கேட்ட பாம்பன் தோழர், "அங்ஙனமாயின் எம் சீமைக்கு வரும் தண்ணீரின் தாய்வீடு இதுதானோ!" என்று கூறி, ஆற்றுநீரை இருகையாலும் அள்ளிப் பருகினார்.

குரங்கணி இன்று ஒரு சிற்றூர். ஆயினும் இம்மலைச்சரிவு ஒருகாலத்தில் தேயிலை வாணிகத்தின் பெருவாயிலாக விளங்கிற்று. மூணாற்று மலையில் விளைந்த தேயிலை, உச்சியிலுள்ள டாப் ஸ்டேஷன் வரை சிறு தண்டவாளத்தின்மேல் வந்து, ஆங்கிருந்து கம்பிவடத்திற் கட்டித் தொங்கவிடப்பெற்றுக் கொட்டகுடியில் வந்திறங்கும். பின்னர் மாட்டுவண்டியிற் போடியை அடையும். 1902ஆம் ஆண்டில் எருதுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கிய அப்பாதை, 1908ஆம் ஆண்டில் இரண்டடி அகல ரயில்பாதையாக மாற்றப்பெற்றது. 1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மலைநாட்டைப் பாழ்படுத்திய பெருவெள்ளம் அதனை அடியோடு அழித்துவிட்டது. அப்பாதை பின்னர் மீண்டும் அமைக்கப்பெறவேயில்லை. மனிதர் இரும்பால் அமைத்ததை மழை சில நாளில் அழித்த இடத்திற்குக் கீழேதான் நாங்கள் குளிக்க இடந்தேடினோம்.

ஆற்றில் ஒரு மடு, இடுப்பளவு ஆழம், நடுவே ஒரு பெரும்பாறை. அதன்மேற் செருப்புகளையும் துண்டுகளையும் வைத்துவிட்டு இறங்கினோம். மேலே வானம் தெளிந்திருந்தது. வெயிலும் இனிதாக அடித்தது. பாம்பன் தோழர் நீர்க்கண்ணாடியை அணிந்து நீரிற் கவிழ்ந்து மிதந்தார். பின்னர் எமக்கும் முறைமுறையே அதனைத் தந்தார். கரையில் நின்று கண்டபோது வெறுங் கல்லும் மணலுமாகத் தோன்றிய மடு, கண்ணாடிவழியே வேறோர் உலகமாகக் காட்சியளித்தது. கூழாங்கற்களின் இடையே விரற்கடை அளவுள்ள மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து நின்றன. மணலின் ஒவ்வொரு பருக்கையும் எண்ணத்தக்கதாய் விளங்கிற்று.

இரண்டாம் முறை அவர் தலைகவிழ்ந்து சிறிது நேரமே ஆயிற்று, திடுமென நிமிர்ந்தார். "அடி தெரியவில்லை, சற்றுமுன் கண்ட மணல் நகர்கின்றது" என்றார். மேலிருந்து காண்பார்க்கு நீரில் யாதொரு மாறுபாடும் தோன்றவில்லை. அப்பொழுதுதான் அன்னையார் சொல் நினைவுக்கு வந்தது; மலையை நோக்கினேன். காலையிற் கண்ட முடியைக் காணேன். கரிய முகில் அதனை முற்றும் மூடியிருந்தது. அனைவரையும் கரையேறுமாறு கூவினேன். ஒருவர் பாறைமேல் இருந்த பொருள்களை எடுக்க மீண்டும் இறங்க முனைந்தார். அவர் கையைப் பற்றி இழுத்து மேட்டில் ஏற்றினோம். முதலிற் சருகும் சுள்ளியும் வந்தன; அடுத்து நீர் செந்நிறமாயிற்று; ஓசை பெருகிற்று. கால்மணிப் பொழுதுக்குள் அப்பாறையைக் காணோம். எம்மீது ஒரு துளி மழையும் விழவில்லை.

இதன் காரணத்தை விளங்க அறிதல் வேண்டும். ஈரக்காற்று மலையில் மோதி மேலெழும்புங்கால் குளிர்கின்றது. பொதுவாக 1000 அடி உயரத்திற்கு ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் வெப்பம் குறையும். குளிர்ந்த காற்று தன் ஈரத்தைத் தாங்கமாட்டாது முகிலாக்கி, மழையாகப் பெய்கின்றது. ஆதலின் அடிவாரத்தில் வெயில் எரிக்கும்போதே முடியிற் பெருமழை பொழியலாம். சரிவெங்கும் பெய்த மழை ஓடைகளாகத் திரண்டு ஒரே குறுகிய பள்ளத்தில் வந்து சேர்தலால், ஆறு சிறுகச் சிறுக உயராது, ஒருசேரப் பெருகுகின்றது. சமவெளி ஆற்றில் வெள்ளம் வருதற்குப் பல மணிநேரம் ஆகும். மலையாற்றிலோ சில நிமிடங்களே போதும்.

பருவமழைக் காலத்தில் மட்டுமே இவ்விடர் நேரும் என்று எண்ணுதலும் தவறு. 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், கோடையிலே, பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்று உயிர் கவர்ந்தது. தேனி மாவட்டத்துக் கும்பக்கரை, சுருளி அருவிகளில் நீர் பெருகும்போது குளித்தலைத் தடுப்பதும் இதுபற்றியே. தடைப்பலகையைக் கண்டு சினங்கொள்வார், அருவி நாம் நிற்கும் இடத்தில் தொடங்குவதன்று என்பதை மறந்தவராவர்.

ஈரத்துணியுடனும் வெறுங்காலுடனும் முந்தலுக்குத் திரும்பி, பிற்பகலிற் போடிமெட்டுச் சாலையில் ஏறினோம். வழியிற் புலியூத்து அருவியைக் கண்டோம். எனினும் இறங்கி ஆடத் துணிந்தோமில்லை. சாலையோரத்தில் நின்று, வெண்ணீர் பாறையிற் சிதறுவதைக் கண்ட அளவில் மனநிறைவு கொண்டோம். 4000 அடிக்கு மேலேறிப் போடிமெட்டை அடைந்ததும் பனிமூட்டம் எம்மைச் சூழ்ந்தது, அப்பால் ஏலமலை.

ஏலச்செடி நேர்வெயிலைப் பொறாதது. மரநிழலும், ஈரமண்ணும், மக்கிய இலைச்சருகும் அதற்கு இன்றியமையாதன. செடி ஆள் உயரத்திற்கு மேல் வளரினும், பூவும் காயும் அடித்தண்டினின்று எழுந்து தரையோடு படர்வன. ஆதலாற் காய் பறிப்போர் நாள் முழுதும் குனிந்தோ குந்தியோ இருத்தல் வேண்டும். எல்லாக் காயும் ஒருங்கே முற்றுவதில்லை. பல முறை அதே செடிக்கு வந்து, முற்றியவற்றை மட்டும் ஆய்ந்து பறிப்பர். பச்சைக்காய் ஐந்து கிலோ உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோவே தேறும். அது போடிக்கு வந்து தரம்பிரித்து ஏலத்தில் விலைபோகும். நம் வீட்டுப் பாயசத்தில் மணக்கும் ஒரு காய்க்காக ஒருவர் முதுகு எத்துணை முறை வளைந்தது என்பதைத் தாயின் முதுகைக் கண்ட யான் அறிவேன். அன்று என் தோழரும் அறிந்தனர்.

ஏலத்திற்கு நிழல் தரும் அம்மரங்களே ஆற்றுக்கும் துணையாவன. சருகும் வேரும் மழைநீரை உடனே ஓடவிடாது மண்ணுள் இறக்கி, மெல்ல மெல்லக் கசியச் செய்கின்றன. அதனாலேயே மழை நின்று பல நாள் ஆயினும் ஓடையில் நீர் ஓடுகின்றது. மரம் அழிந்த சரிவிலோ மழைநாளில் வெள்ளமும், மழையற்ற நாளில் வறட்சியுமே காணலாகும். அருவியை விரும்புவோர் காட்டையும் விரும்புதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

திரும்பும் வழியில் ஒரு வளைவில் நின்று மலைச்சரிவுகளை நோக்கினோம். ஐப்பசியில் அவை பசுமையாயிருந்தன. மாசி, பங்குனித் திங்களில் அச்சரிவுகளின் புல் காய்ந்து பொன்னிறமாகிவிடும். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், குரங்கணி மலையில் நடந்து சென்ற குழுவினரை அப்புல்லிற் பற்றிய தீ சூழ்ந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர்; அவருட் பலர் இளைஞர். சரிவிற் பற்றிய தீ மேல்நோக்கி மிக விரைந்து ஏறும். அதன் வெப்பம் மேலுள்ள புல்லை முன்னரே உலர்த்திவிடுதலும், பகலில் மலைக்காற்று மேல்நோக்கி வீசுதலும் அதற்குக் காரணமாவன. ஆகவே தீயைக் கண்டு மேல்நோக்கி ஓடுதல் கூடாது. புல்லற்ற பாறைப்பரப்பையோ, முன்னரே எரிந்து தணிந்த நிலத்தையோ நாடுதல் வேண்டும். அதனினும் மேலானது, வனத்துறையின் அனுமதியும் மலையறிந்த வழிகாட்டியும் இன்றி ஏறாதிருத்தல். காய்ந்த காலத்தில் அப்பக்கமே செல்லாதிருத்தல்.

தோழர்காள்! இதுகாறும் கூறியவற்றைச் சுருங்கத் தொகுத்துரைப்பேன். விடியலிற் புறப்பட்டுப் பொழுது சாயுமுன் மலையிறங்குமின். நீரில் இறங்குமுன் மலைமுடியை நோக்குமின். முடி மறைந்திருப்பின் கரையிலேயே இருமின். நீர் கலங்கினும், சருகு மிதந்துவரினும், ஓசை மாறினும் அக்கணமே மேடான இடத்தில் ஏறுமின். விட்ட பொருளை நாடித் திரும்பன்மின். ஊரார் தடுப்பின் தருக்கம் செய்யன்மின். காட்டில் நெருப்பும் நெகிழியும் விட்டுவரன்மின்.

இரவு வீடு சேர்ந்தபோது அன்னையார் எங்கள் வெறுங்கால்களையே முதலில் நோக்கினார். நடந்ததைக் கூறினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பாம்பன் தோழரை அருகில் அழைத்து, இலையில் இன்னும் ஓர் அகப்பை சோறு இட்டு, "தம்பி, உன் கண்ணாடி என் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தது" என்றார். தோழரோ, "இல்லை அம்மா, தாங்கள் சொன்ன சொல்தான்" என்றார். மலையில் உழைப்பவரும் கடலில் உழைப்பவரும் நீரை நூலாகக் கற்றவர்கள். அருவியாடச் செல்லும் நாம் அவர்பால் அதன் முதற் பாடத்தையேனும் கேட்டுச் செல்வோமாக.