உங்களுக்குத் தெரியுமா? பட்டாசு ஊரில் ஒரு வீடியோ கேம் ப்ராஜெக்ட்

● சிவகாசிக்குப் பக்கத்து வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரை மேட்டில் 2022-ல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களோடு சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்தன. ஆக, இந்த மாவட்டத்தில் கேம் செய்வது புதுப் பழக்கம் இல்லை. பள்ளி ப்ராஜெக்டாக வீடியோ கேம் செய்யப்போகும் பிள்ளைக்கும் முதல் கருவி அதேதான்: காயும் கட்டமும். கணினியைத் திறப்பதற்கு முன் அட்டையில் வரைந்து, நண்பனோடு ஒரு சுற்று ஆடிப் பார்த்துவிடலாம். அச்சகங்களில் கட்டிங் மெஷின் கழித்துப்போடும் அட்டைத் துண்டுக்குச் சிவகாசியில் பஞ்சமா என்ன? ஓடிக் குதிக்கிற ஆட்டங்களை இப்படிச் சோதிக்க முடியாது. வினாடி வினா, வழி தேடல், வியாபார ஆட்டம் எல்லாவற்றையும் சோதிக்கலாம்.

● தமிழ்நாடு அரசின் 10-ஆம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'காட்சித் தொடர்பியல்' என்றொரு பாடம் உண்டு. ஒரு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிற பாடம். அதில் சொல்லப்படும் ஸ்க்ராட்ச்தான் உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் கேம் செய்யும் மென்பொருள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-ல் வெளியிட்டது, காசு கிடையாது. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டாம், வண்ணக் கட்டைகளை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். இணையம் வராத லேபாக இருந்தால் பதிவிறக்கி நிறுவிக்கொள்ளும் வடிவமும் இருக்கிறது. எட்டாம் வகுப்புவரை உள்ளவர்கள் வேறு எதையும் தேடி அலையத் தேவையில்லை என்பது என் கட்சி.

● ஸ்க்ராட்ச் மேடையின் அளவு 480-க்கு 360. நடுப்புள்ளி பூஜ்யம். அதில் ஒரு பேன்சி வெடி விட்டுப் பார்ப்போமா?

ராக்கெட் மேலே போகிறது. உச்சியில் தன்னைப்போல் 60 நகல்களை உண்டாக்கிவிட்டு மறைகிறது. ஒவ்வொரு நகலும் ஒரு பொறி. ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை, ஒரு வேகம். ஒவ்வொரு சுற்றிலும் மேல்நோக்கிய வேகத்தில் கொஞ்சம் கழித்துக்கொண்டே வந்தால் பொறிகள் வளைந்து கீழே விழும். புவியீர்ப்புப் பாடம் அங்கேயே முடிந்தது. ஆனால் ஐந்து வெடிக்குப் பிறகு ஆறாவது வெடிக்காது! காரணம், ஸ்க்ராட்ச் ஒரே நேரத்தில் 300 நகல்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அணைந்த பொறியை அழிக்கும் கட்டளையைக் கடைசியில் போட மறந்தால் ஐந்தறுபது முந்நூறு ஆகி, ஆட்டம் நமுத்துப்போகும். புதிதாகச் செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் 'கம்ப்யூட்டர் ரிப்பேர்' என்பார்கள்.

● நிஜப் பட்டாசில் ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு தரும், பேரியம் பச்சை, சோடியம் மஞ்சள், செம்பு நீலம். எல்லாவற்றிலும் நீலம்தான் கஷ்டம். சூடு கூடினால் நீலம் தரும் செம்புச் சேர்மம் சிதைந்துவிடும். திரையில் நீலமும் சிவப்பும் வெறும் எண்கள்தான். பேரியம் உப்புகளுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது; திரைப் பச்சைக்கு எந்த வழக்கும் இல்லை.

● படமே வரையத் தெரியாதவர்களும் கேம் செய்யலாம். ட்வைன் என்ற இலவசக் கருவி 2009-ல் வந்தது. கதையை எழுதி, 'இதைச் செய்வாயா, அதைச் செய்வாயா' என்று கிளைகள் பிரித்துக்கொண்டே போகலாம். பார்ப்பவரே முடிவெடுக்கும் 'பேண்டர்ஸ்நாட்ச்' (2018) நெட்ஃபிளிக்ஸ் படத்தின் கதைக் கிளைகளை அதன் எழுத்தாளர் சார்லி புரூக்கர் ட்வைனில்தான் வரைந்து பார்த்தார்.

சிவகாசி வட்டாரப் பிள்ளைகளுக்கு இதில் கைவசமே கதை இருக்கிறது. பட்டாசு ஆலையின் பாதுகாப்பு விதிகள் கேம் விதிகள் மாதிரியேதான் இருக்கும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. நைலான் துணி ஆகாது, பருத்திதான். இரும்புக் கருவி உள்ளே வரக் கூடாது. உள்ளே நுழையும்போது செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்க வேண்டும். ஆட்டக்காரர்தான் ஃபோர்மேன். ஆர்டர் நெருக்குகிறது, ஐந்தாவது ஆள் வாசலில் நிற்கிறார். உள்ளே விடுவதா, வேண்டாமா? தீபாவளி நெருக்கத்தில் இந்தக் கேள்வி வீட்டிலேயே பேசப்படும் ஊரில், இதைவிட நல்ல ப்ராஜெக்ட் வேண்டுமா?

● தமிழ் எழுத்து எல்லாக் கருவியிலும் ஒழுங்காக வராது. 'கொ' என்று அடித்தால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் தானாகப் போய் நிற்க வேண்டும். அந்த வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும், புள்ளி எங்கோ தொங்கும். கோடோ என்ற கேம் எஞ்சினின் 3-ஆம் பதிப்பில் இந்தத் தொல்லை உண்டு. 2023-ல் வந்த 4-ஆம் பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். ட்வைன் ஆட்டம் பிரவுசரில் ஓடுவதால் சிக்கல் இல்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளே 'சொக்கநாதர் கோயில்' என்று அடித்துப் பார்த்துவிடுங்கள்.

● அந்தக் கோடோ அர்ஜென்டினாக்காரர்கள் இருவர் உருவாக்கியது. 2014 முதல் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பதிவிறக்கம் நூறு எம்.பி.யைச் சுற்றித்தான். யூனிட்டி என்ற இன்னொரு கேம் எஞ்சினுக்கு ஜி.பி. கணக்கில் இடம் வேண்டும். கோடோவின் மொழி பைத்தான் சாயலில் இருப்பதால், கணினி அறிவியல் எடுத்து பைத்தான் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தெரியாது. பத்தாம் வகுப்புக்குக் கீழே இதைத் தொட வேண்டாம்.

● யூனிட்டி நிறுவனம் 2023 செப்டம்பரில், கேம் நிறுவப்படும் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் என்று அறிவித்து, உலகமெங்கும் திட்டு வாங்கி, அடுத்த செப்டம்பரில் கைவிட்டது. பள்ளிப் பிள்ளைகளை அது தொட்டிருக்காது. ஆனாலும் அந்த நேரத்தில் கோடோ பக்கம் வந்தவர்கள் ஏராளம்.

● வீட்டில் கணினியே இல்லை, அப்பாவின் ஆண்ட்ராய்டு போன்தான் இருக்கிறதா? ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'பாக்கெட் கோட்' செயலி போனிலேயே கட்டைகளை அடுக்கி கேம் செய்ய உதவும்.

● தமிழிலேயே கட்டளை எழுத ஆசையா? முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழியில் 'பதிப்பி' என்றால் திரையில் அச்சிடும், 'ஆனால்' என்றால் நிபந்தனை. பெரிய கேம் எதிர்பார்க்க வேண்டாம். எண்ணை ஊகிக்கும் ஆட்டம் தாராளமாக வரும்.

● மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற பெயரில் அரசு, உதவிபெறும் பள்ளிகளில் மாணவர் குழுக்கள் இயங்குகின்றன. ஸ்க்ராட்ச், அனிமேஷன், மொபைல் ஆப் எல்லாம் அதில் சொல்லித் தருகிறார்கள், இலவச மென்பொருள்களை வைத்தே.

● 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கிய 'வெண்பா', கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. டொரன்டோவின் விசை கேம்ஸ் செய்தது. இட்லி ஊற்ற வேண்டும், பிரியாணிக்கு அடுக்க வேண்டும், அழிந்துபோன சமையல் குறிப்பை ஊகிக்க வேண்டும். சண்டையும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. ஓர் உட்காரலில் முடித்துவிடலாம்.

● பட்டாசுப் பெட்டி லேபிளில் இருக்கும் படங்களை ஸ்கேன் செய்து கேமில் போட்டுவிடாதீர்கள். அவை கம்பெனிகளின் சொத்து. ஹாலந்தைச் சேர்ந்த 'கென்னி' தளத்தில் ஆயிரக்கணக்கான கேம் படங்களை உரிமைக் கட்டுப்பாடே இல்லாமல் தருகிறார்கள். அதைவிட, நீங்களே ஒரு லேபிள் வரையலாம். லேபிள் டிசைனர்கள் நிறைந்த ஊர்; யாராவது ஒரு மாமா திருத்திக் கொடுப்பார்.

● ஸ்க்ராட்சில் சேமித்த கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பை. பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்தால் படங்கள், ஒலிகள், கட்டளைகள் எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். ட்வைன் தருவது ஒரே ஒரு பிரவுசர் பக்கம். பென்டிரைவில் போட்டால் எந்த லேபிலும் திறக்கும். கோடோவில் செய்து நேரடி இயங்கு கோப்பாகக் கொண்டுபோனால் பள்ளிக் கணினி தடுக்கலாம். ஒப்படைக்கும் நாளுக்கு முன்பே லேபில் ஒருமுறை ஓட்டிக் காட்டிவிடுவது உத்தமம்.