ரேடியோ அலை தூண்டும் எச்சரிக்கை விளக்கு

ரேடியோ அலை தூண்டும் எச்சரிக்கை விளக்கு என்பது வெட்டவெளியில் மின்கலத்தில் இயங்கி, தொலைவிலிருந்து வரும் ரேடியோ கட்டளையைப் பெற்றதும் ஒளிரத் தொடங்கும் கருவியாகும். மின் இணைப்போ செல்பேசிச் சேவையோ இல்லாதபோதும் இது வேலை செய்ய முடியும்.

தேவை

2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் அடையாற்றில் வெள்ளம் கரைபுரண்டது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை உள்ளிட்ட பகுதிகள் நீரில் மூழ்கின. பல இடங்களில் மின்சாரமும் செல்பேசிச் சேவையும் நின்றுபோயின. தியாகராய நகரை மேற்கு மாம்பலத்துடன் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதையில் கனமழையின்போது நீர் தேங்குவது வழக்கம். இருட்டில் வரும் வாகன ஓட்டிக்கு நீரின் ஆழம் தெரியாது. இத்தகைய பாதையின் நுழைவாயில் இவ்விளக்கு பயன்படக்கூடிய இடங்களுள் ஒன்று.

காத்திருப்பதற்கான மின்செலவு

மின்கலத்தை முதலில் தீர்ப்பது ஒளி அன்று. கட்டளைக்காகக் காத்திருக்கும் ரேடியோ ஏற்பியே. 10 மில்லி ஆம்பியர் எடுக்கும் ஏற்பி இடைவிடாமல் இயங்கினால் நாளொன்றுக்கு 240 மில்லி ஆம்பியர் மணி செலவாகும். 6000 மில்லி ஆம்பியர் மணி மின்கலம் 25 நாளில், விளக்கு ஒருமுறைகூட எரியாமலே, தீர்ந்துவிடும்.

இதைத் தவிர்க்க, ஏற்பி உறக்க நிலையில் வைக்கப்பட்டு 2 நொடிக்கு ஒருமுறை 10 மில்லி நொடி மட்டும் விழிக்கிறது. உறக்கத்தில் 0.005 மில்லி ஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால், நாளொன்றுக்குச் செலவு ஏறத்தாழ 1.3 மில்லி ஆம்பியர் மணி. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான 92 நாட்களுக்கும் சேர்த்து 121 மட்டுமே. ஏற்பி விழிக்கும் நேரத்தைத் தவறவிடாதிருக்க, அனுப்பும் நிலையம் கட்டளைக்கு முன் 2 நொடிக்கும் அதிகமாக முன்னறிவிப்புக் குறிகையை அனுப்ப வேண்டும்.

ஒளி

350 மில்லி ஆம்பியர் எடுக்கும் மஞ்சள் எல்.இ.டி. 2 நொடிக்கு ஒருமுறை 0.1 நொடி மின்னினால் சராசரி 17.5 மில்லி ஆம்பியர்தான். மூன்று நாள் தொடர்ந்து மின்னினாலும் 1260 மில்லி ஆம்பியர் மணி. கலங்கரை விளக்கங்களுக்குப் பயன்படும் பிளாண்டல்-ரே விதிப்படி, 0.1 நொடி மின்னல் தொடர்ந்து எரியும் அதே விளக்கின் மூன்றில் ஒரு பங்கு செறிவுடன் கண்ணுக்குத் தோன்றும். அதாவது, இருபதில் ஒரு பங்கு மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒளி கிடைக்கிறது.

அலைவரிசையும் ஆண்டெனாவும்

இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த திறன் கருவிகளை இயக்க உரிமம் தேவையில்லை என 2005இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் இப்பட்டை 868 வரை நீட்டிக்கப்பட்டது. 866 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீள ஆண்டெனாவின் நீளம் சுமார் 8.7 செ.மீ. நீரும் கான்கிரீட்டும் அலையை வலுவிழக்கச் செய்வதால், கருவியைச் சுரங்கப்பாதையின் உள்ளே அன்றி, சாலை மட்டத்துக்கு மேலே கம்பத்தில் பொருத்த வேண்டும்.

நம்பகத்தன்மை

மழைக்காலத்தில் பல நாள் வானம் மேகமூட்டமாக இருக்கும். எனவே சூரிய மின்தகடு பொருத்தினாலும், அது உதவாது என்று கொண்டே மின்கலத்தின் அளவைக் கணக்கிட வேண்டும். மயிலாப்பூர், அடையாறு போன்ற கடலை ஒட்டிய பகுதிகளில் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும் என்பதால் பெட்டி காற்றுப் புகாததாக இருப்பது அவசியம். ஒருவர் பழைய கட்டளையைப் பதிவுசெய்து மீண்டும் அனுப்பி ஏமாற்றாதிருக்க, ஒவ்வொரு கட்டளையிலும் மாறும் எண் ஒன்று சேர்க்கப்படுகிறது.

எரியாத விளக்கை மக்கள் ‘பாதை பாதுகாப்பானது’ என்று புரிந்துகொள்வதே இக்கருவியின் பெரிய ஆபத்து. இதற்கு இரண்டு தடுப்புகள் உள்ளன. பாதைக்குள் வைக்கப்படும் மிதவைச் சுவிட்சு, கட்டளை வராவிட்டாலும் நீர்மட்டம் உயர்ந்ததும் விளக்கை எரியச் செய்யும். மேலும், கருவி நாள்தோறும் தன் மின்கல நிலையை நிலையத்துக்குத் தெரிவிக்கும். ஒருநாள் அத்தகவல் வராவிட்டால் பணியாளர் நேரில் சென்று பார்க்க வேண்டும்.