பைபாட் மாட்டினா குறி தப்பாதா? தேவனூர் நாட்டுத் தம்பிக்கு ஒரு பதில்

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கேன். நம்ம தேவனூர் நாட்டுத் தம்பி ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணே, மரவள்ளித் தோட்டத்துல பன்னி புகுந்து பாதியைக் கிளறிப் போட்டுருச்சு. தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒண்ணு வீட்ல இருக்கு. ஆன்லைன்ல பைபாட் விக்கிறாங்க. அதை மாட்டினா குறி தப்பாதுன்னு வீடியோல சொல்றாங்க. எந்த பைபாட் வாங்கலாம்?"

நான் 17 வருஷம் ராணுவத்துல இருந்தவன். எல்.எம்.ஜி.யோட இரண்டு காலை மடக்கி விரிச்சே பாதி இளமை போச்சு. அதனால முதல்ல கேட்ட கேள்விக்கே பதில் சொல்லிடறேன். அதுக்கப்புறம் கேட்காத கேள்விக்கு வர்றேன்.

பைபாட் என்ன வேலை செய்யும்?

நம்ம பாட்டன்மார் நாட்டுத் துப்பாக்கியைக் கவைக்கொம்புல சாய்ச்சு வச்சுக் குறி பார்ப்பாங்க இல்லையா, அதே வேலைதான். கவைக்கொம்புக்கு ஒரு கால், இதுக்கு இரண்டு கால்.

கணக்கு எளிசு. ஒரு மீட்டர் நீளமுள்ள துப்பாக்கியோட நுனி வெறும் 1 மில்லிமீட்டர் விலகினா, 100 மீட்டர் தூரத்துல குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். மூச்சு விடும்போதே கை அதைவிட அதிகமா ஆடும். முன்பக்க பாரத்தைத் தரை தாங்கிக்கிட்டா அந்த ஆட்டம் குறையுது. அமெரிக்காவுல மேய்ச்சல் நிலத்துல வளை தோண்டுற பிரெய்ரி நாய்னு ஒண்ணு உண்டு. பேருதான் நாய், உண்மையில அணில் குடும்பம். அதை 200, 300 மீட்டர்ல இருந்து சுடறவங்களுக்காகத்தான் கனத்த குழல் வச்ச 'வார்மின்ட்' ரைபிள் வந்தது. நீங்க பார்த்த வீடியோ எல்லாம் அந்த உலகத்தைச் சேர்ந்தது.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை

முதல்ல உயரம். ஹாரிஸ் கம்பெனி பைபாட்கள்ல 6 முதல் 9 அங்குலம், 9 முதல் 13 அங்குலம், அதுக்கு மேல 27 அங்குலம் வரைக்கும் நீளுறதுன்னு பல அளவு உண்டு. குட்டையானது சமதளத்துல படுத்துச் சுட. புல்லு முழங்கால் அளவு இருக்கிற இடத்துல அது உதவாது. ஸ்கோப்புல புல்லுதான் தெரியும். நெட்டையானது உட்கார்ந்து சுட. ஆனா கால் நீள நீள ஆட்டமும் கூடும்.

இரண்டாவது, சாயுற வசதி. மேடு பள்ளத்துல வச்சா துப்பாக்கி ஒரு பக்கம் சரியும். சரிஞ்ச துப்பாக்கியில சுட்டா, தூரம் கூடக் கூட குண்டு அந்தப் பக்கமா ஒதுங்கும். காலை அசைக்காமலே துப்பாக்கியை மட்டும் நிமிர்த்துற மாதிரி சுழலும் தலை இருக்கணும். இரண்டு காலையும் தனித்தனியா நீட்டிக் குறைக்க முடியணும். மலைச்சரிவுல இது இல்லாத பைபாட் வெறும் பாரம்.

மூணாவது, மாட்டுற இடம். வார்பட்டை கோக்குற திருகாணியில மாட்டுறது ஒரு வகை, பிக்காட்டினி ரயில்ல மாட்டுறது இன்னொரு வகை. எதுவானாலும் முன்கட்டையிலதான் மாட்டணும், குழல்ல கூடாது. சுடும்போது குழல் அதிரும். அதுல எதையாவது இறுக்கினா அதிர்வு மாறி, குண்டு விழுற இடமும் மாறும்.

நாலாவது, பாதம். பாறையில ரப்பர் பிடிக்கும். மண்ணுல கூர்முனை பிடிக்கும். கடினமான தரையில பைபாட் எம்பிக் குதிக்கும். அதனால தோளால லேசா முன்னாடி அழுத்திக்கிட்டுச் சுடணும், பட்டுக்குக் கீழே ஒரு சின்ன மணல் பையும் வச்சுக்கணும். முன்னாடி இரண்டு கால், பின்னாடி ஒரு பை. மூணும் சேர்ந்தாத்தான் நிக்கும். மூட்டையில வச்சு ஜீரோ பண்ணின ரைபிளை பைபாட்ல வச்சா மறுபடி ஒரு தடவை சரிபார்க்கணும்.

உங்க தாத்தா துப்பாக்கிக்கு?

உபயோகமில்லை, தம்பி. நீங்க சொல்றது வாய்வழியா மருந்தும் குண்டும் இடிக்கிற வகை. குழலுக்குள்ள வரி கிடையாது. குண்டு சுழலாது. அதனால 40, 50 மீட்டருக்கு மேல அது எங்க போகும்னு துப்பாக்கிக்கே தெரியாது. கை ஆட்டத்தை பைபாட் குறைக்கும், குழலோட குறையை அது தீர்க்காது. அந்தத் துப்பாக்கியில திருகாணியும் கிடையாது, குழல்லதான் கட்டணும். ஆயிரம் ரூபாயோ பத்தாயிரமோ, போட்ட காசு வீண்.

குண்டு எங்க போய் நிக்கும்?

இப்ப கேட்காத கேள்விக்கு வர்றேன். செம்மேட்டுல வல்வில் ஓரி சிலையைக் கடந்துதான் நாமெல்லாம் போறோம். ஆடி மாசம் விழா எடுக்கிறோம். ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றின்னு தாண்டி, கடைசியா புற்றுல இருந்த உடும்புல போய்ப் பட்டதுன்னு புறநானூறு 152-ஆம் பாட்டு சொல்லுது. சின்ன வயசுல அதைப் பெருமையா கேட்டேன். பட்டாளத்துக்குப் போன பிறகுதான் அதுல இன்னொரு சேதி இருக்குன்னு புரிஞ்சது. குறியில பட்டாலும் அம்பு நிக்கலை. குண்டும் அப்படித்தான்.

நம்ம மலையில ஏறி வர்ற சாலையில 70 கொண்டை ஊசி வளைவு. ஒருத்தர் தோட்டத்துக்குக் கீழே இன்னொருத்தர் தோட்டம், அதுக்கும் கீழே வீடு, அதுக்கும் கீழே ரோடு. கீழ்நோக்கிச் சுட்டு, பன்னியைத் தாண்டிப் போன குண்டு பாறையில பட்டுத் தெறிச்சா எங்க போகும்? பைபாட் போட்டுப் படுத்துக்கிட்டா இன்னொரு ஆபத்து. கண்ணு ஸ்கோப்புலயே ஒட்டிக்கும், சுத்துப்பக்கம் தெரியாது.

எனக்குப் பத்து வயசு இருக்கும். தாத்தாகூடப் பரண்ல இருந்தேன். அவர்கிட்ட உரிமம் உள்ள துப்பாக்கி. நடுராத்திரி கிழங்குச் செடி சலசலன்னு ஆடுது. கவைக்கொம்புல துப்பாக்கி தயாரா இருக்கு. "சுடுங்க தாத்தா"ன்னு நான் கிசுகிசுக்கிறேன். அவர் சுடலை. "யாரது"ன்னு சத்தம் போட்டார். கட்டு அவுந்து போன மாட்டைத் தேடி வந்த பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா எழுந்து நின்னார். அன்னைக்கு அந்தத் துப்பாக்கி அசையாம, ஆடாம, நேரா அவரைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தது. ஆடாத துப்பாக்கி தப்பான குறியையும் தப்பாம அடிக்கும்.

சட்டம் என்ன சொல்லுது?

1959 ஆயுதச் சட்டத்துல, பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி இடிக்கிற துப்பாக்கிக்கு உரிமம் தர தனியா இடம் உண்டு. அதனாலதான் தாத்தாமார் வச்சிருந்தாங்க. ஆனா அது துப்பாக்கி வச்சுக்கிறதுக்கான உரிமம். தாத்தா பேர்ல இருந்தா தானா உங்க பேருக்கு வராது, நீங்க தனியா வாங்கணும். உரிமம் இல்லாத துப்பாக்கி வீட்ல இருந்தா இப்பவே போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடுங்க.

காட்டுப்பன்னியைச் சுடறது வேற சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஏர்கன்ல சுட்டாலும், சுட முயற்சி பண்ணினாலும் அது வேட்டைதான். பயிரை நாசம் பண்ணுற விலங்கைச் சுட அனுமதி தர்ற அதிகாரம் 11-ஆம் பிரிவுல வனத்துறைக்கு இருக்கு. கேரளாவுல 2022-ல அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கும் கொடுத்தாங்க. நம்ம மாநிலத்துல 2025 ஜனவரியில அறிவிச்ச முறைப்படி, காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள பன்னியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆள்தான் சுடணும். நம்ம தோட்டத்துல நின்னா காடு எத்தனை கிலோமீட்டர்னு நான் சொல்லத் தேவையில்லை. பல இடத்துல வேலிக்கு அந்தப் பக்கமே காடுதான்.

இது விவசாயிக்கு வயித்தெரிச்சலான விஷயம். எனக்கும்தான். பத்து மாசம் காத்திருந்த கிழங்கு ஒரே ராத்திரியில போறதைப் பார்த்தவன் நான். ஆனா அந்தக் கோபத்துல வாங்குற எந்தச் சாமானும் நல்லதுக்கு இல்லை.

அதனால தம்பி, சேதத்தைப் பகல்லயே போட்டோ எடுங்க. வி.ஏ.ஓ.கிட்டயும் வனச்சரக அலுவலகத்துலயும் எழுதிக் கொடுத்து இழப்பீடு கேளுங்க. ஊர்ல பத்துப் பேரா சேர்ந்து கொடுத்தா இன்னும் நல்லது. சோலார் வேலி போடறதா இருந்தா வனத்துறையைக் கேட்டுட்டுப் போடுங்க, கரண்டு கம்பியை நேரா இழுத்துடாதீங்க. சுடறதுல ஆசை இருந்தா சமவெளியில ஏதாவது ரைபிள் கிளப்புல சேருங்க. காகித இலக்கு, பின்னாடி மண்மேடு, பக்கத்துல கோச். பைபாட் பழகவும் அதுதான் இடம். அங்க சேர்ந்த பிறகு எந்த அளவு வாங்கலாம்னு கேளுங்க, சந்தோஷமா சொல்றேன்.

அடுத்த வாரம் மிளகு வாடல் நோய் பத்திப் பேசுவோம்.