பழைய ஃபோர் வீல் வாங்கப் போகிறீர்களா?

2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் திறந்தும், வரிச்சுமையால் புதிய வண்டி சிறு வியாபாரிக்கு எட்டவில்லை. கரவனெல்லப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் இறப்பர் ஏற்றுவோருக்குப் பழைய ஃபோர் வீல்தான் கைகொடுக்கிறது. ஆனால், அதில் இரண்டு வகை உண்டு.

பழைய லேன்ட் ரோவர் சீரிஸ் 3, ஹைலக்ஸ் போன்றவை 'பார்ட் டைம்'. வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடக் கூடுதல் தூரம் ஓடும். அதைச் சரிக்கட்ட நடு டிஃபரன்ஷல் இவற்றில் இல்லை. சேற்றில் சில்லு வழுக்குவதால் பாதகமில்லை. தார் வீதியில் ஃபோர் வீல் போட்டு ஓட்டினால் டயர் தேயும், கியர் பற்கள் பழுதாகும்.

1983 இல் வந்த லேன்ட் ரோவர் 110 'ஃபுல் டைம்'. நடு டிஃபரன்ஷல் இருப்பதால் தார் வீதியிலும் நான்கு சில்லும் இழுக்கும். சேற்றில் ஒரு சில்லு சுழன்றால் லொக் போட வேண்டும்; தாருக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

பெரும்பாலும் தார் வீதியில் ஓடுபவருக்குப் பார்ட் டைம் போதும். எண்ணெய்ச் செலவும் குறையும். வாங்குமுன் ஃபோர் வீலோ லொக்கோ விழுகிறதா என்று சேற்றிலேயே ஓட்டிப் பாருங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பழுதை மறைத்துப் பெறும் காசில் பரக்கத் இராது.