ஹுமாயூன் கல்லறை: சிமென்ட் அகன்றது, சுண்ணாம்பு காத்தது

புதுடெல்லி: பழமையான கட்டடத்தைக் காக்கப் பூசப்படும் சிமென்டே அதற்குக் கேடாக அமையக்கூடும் என்பதற்கு டெல்லியில் உள்ள ஹுமாயூன் கல்லறை சான்றாக விளங்குகிறது.

16-ம் நூற்றாண்டில் செம்மணற்கல்லாலும் வெண்பளிங்காலும் கட்டப்பட்ட இக்கல்லறை, 1993-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் மேற்கூரையில் 20-ம் நூற்றாண்டில் அடுக்கடுக்காகப் போடப்பட்ட சிமென்ட் கான்கிரீட், கட்டடத்துக்குப் பெரும் சுமையானது.

சுண்ணாம்புக் காரை, தான் உறிஞ்சிய ஈரத்தை ஆவியாக வெளியேற்றிவிடும். இறுகிய சிமென்ட் பூச்சு அதற்கு வழிவிடாது. உள்ளே தேங்கும் ஈரமும் உப்பும் நாளடைவில் கல்லை அரிக்கின்றன.

இந்திய தொல்லியல் துறையுடன் இணைந்து ஆகா கான் கலாச்சார அறக்கட்டளை இதன் சீரமைப்பை மேற்கொண்டது. மேற்கூரையிலிருந்து மட்டும் சுமார் 10 லட்சம் கிலோ கான்கிரீட் கைகளாலேயே பெயர்த்து அகற்றப்பட்டு, சுண்ணாம்புக் கலவை இடப்பட்டது. மாடத்தில் உள்ள சிறு மண்டபங்களில் உதிர்ந்துபோன வண்ண ஓடுகளை மீண்டும் உருவாக்க, உஸ்பெகிஸ்தான் கைவினைஞர்கள் நிஜாமுதீன் பகுதி இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தனர். சீரமைக்கப்பட்ட கல்லறை 2013 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டது.

சுண்ணாம்பால் கட்டப்பட்ட கோயில்கள், கோட்டைகள், பழைய வீடுகளில் விரிசலைக் கண்டதும் சிமென்ட் பூசும் வழக்கம் நாட்டின் பல இடங்களில் நீடிக்கிறது. ஹுமாயூன் கல்லறை தரும் பாடம் அவற்றுக்கும் பொருந்தும்.